பூண்டில்லாத மட்டன் பிரியாணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதுவும் நான் எழுதிக்கொடுத்த வலைத்தளத்தைப் பற்றி யாராவது குறை சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். "வேலை செய்யலையே" என்று போனில் ஒரு குரல் வந்தால், "என்ன ஆச்சு?" என்று நான் கேட்டதில்லை. "நீங்க என்ன அமுக்கினீங்க?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்வியிலேயே தீர்ப்பும் இருக்கும். நான் எழுதியது சரி, மெஷினும் சரி, உங்கள் விரல்தான் சரியில்லை என்று அதற்கு அர்த்தம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறேன். என்னை எதிர்த்துப் பேச அங்கே ஆளில்லை. பக்கத்து அறையில் ஒரு ஜோசியர் இருக்கிறார். அவர் வருகிறவர்களிடம் கிரகம் சரியில்லை என்பார், நான் விரல் சரியில்லை என்பேன். பழி எங்கள் மேல் விழாமல் பார்த்துக்கொள்வதில் இரண்டு பேரும் கெட்டிக்காரர்களாகத்தான் இருந்தோம்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு ஆர்டர் எடுக்கும் படிவம் செய்துகொடுத்த பிறகுதான் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு முடிவு வந்தது.

அந்தக் கடையில் மதியம் வாழையிலைச் சாப்பாடு உண்டு. ஆனால் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று வெளியே சமைத்து அனுப்புவதுதான் பெரிய வேலை. சைவத்துக்கு ஓர் அடுக்களை, அசைவத்துக்கு ஓர் அடுக்களை. இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, கதவு இல்லை. ஒரு கரண்டிகூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்று முதலாளி வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. சைவ அடுக்களையில் இருப்பவர் அசைவ அடுக்களைக்குப் போக வேண்டுமென்றால் கடையின் முன்பக்கம் வந்து, சாப்பிடுகிறவர்களைத் தாண்டி, கல்லாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கல்லாவில்தான் அக்கா உட்கார்ந்திருப்பார்.

அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கடைக்கு வந்த புதிதில் சைவ அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர். பல வருஷம் கழித்துத்தான் கல்லாவுக்கு வந்தார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, நாற்காலியில் தானே தைத்த நீலப்பூப் போட்ட குஷன், காதில் செருகிய பேனா. அந்த நாற்காலியில் அவர் உட்காரும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், அதை அவர் சும்மா வாங்கவில்லை என்று. அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் இன்னும் பின்னால்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி கேட்டது எளிமையான விஷயம். "எல்லாம் பெரிய நோட்டுப் புக்குல கெடக்கு தங்கச்சி. எழுத்து புரியல, பேப்பர் கிழியுது. போன்லயும் போடற மாதிரி, கடையிலயும் போடற மாதிரி ஒரு ஃபார்ம் செஞ்சு குடுங்கலா. பிரிண்டர்ல அந்தந்த அடுக்களைக்கே துண்டு வந்துடணும்."

மூன்று பக்கங்களாகச் செய்தேன். முதல் பக்கத்தில் பெயர், போன், எந்த ஊருக்கு, எந்த நாள், என்ன விசேஷம், அடியில் சிறப்புக் குறிப்பு எழுத ஒரு கட்டம். இரண்டாம் பக்கத்தில் பதார்த்தங்கள், எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கை. மூன்றாம் பக்கத்தில் எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டி, 'உறுதி செய்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலைப்பக்கங்களுக்கு ஞாபகசக்தி கிடையாது. முதல் பக்கத்தில் நீங்கள் உங்கள் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். இரண்டாம் பக்கத்துக்குப் போனதும் அது 'நீங்க யாரு?' என்ற முகத்தோடுதான் நிற்கும். ஆகவே முதல் பக்கத்தில் எழுதியதை இரண்டாம் பக்கத்துக்கும், அங்கிருந்து மூன்றாம் பக்கத்துக்கும் நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பல வழிகள் இருக்கின்றன. பக்கத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத கட்டங்களில் செருகி அடுத்த பக்கத்துக்கு அனுப்பலாம். அது பழைய வழி, எழுதி முடித்தபின் பார்க்க அசிங்கமாக இருக்கும். இல்லையென்றால் கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி செய்யலாம். செருப்பு அங்கே ஒரு பெட்டியில் இருக்கும், உங்கள் கையில் டோக்கன் மட்டும் இருக்கும். எழுதியதெல்லாம் சர்வரில் ஒரு பெட்டியில் கிடக்கும், பிரவுசரிடம் அந்தப் பெட்டியின் எண் மட்டும் இருக்கும். இதைச் செஷன் என்று சொல்வோம். பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். போதாததற்கு, இரண்டாம் பக்கத்தில் ஒரு பதார்த்தத்தைத் தொட்டவுடனே அந்தப் பக்கத்தின் பட்டியல் முழுவதும், பழைய பட்டியலைத் தள்ளிவிட்டு, பெட்டிக்குள் தானாகப் போய்ச் சேரும்படியும் செய்தேன். அதில் எனக்கு ஏகப்பெருமை.

ஒரு பிரவுசருக்கு ஒரு டோக்கன்தான். அதே பிரவுசரில் எத்தனை டேப் திறந்தாலும் அதே டோக்கன், அதே பெட்டி. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் மாடி அறையில் நான் ஒருத்திதான் ஆர்டர் கொடுத்தேன், நானேதான் எடுத்தேன். ஒரு ஆர்டரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கினேன். எத்தனை முறை சோதித்தாலும் பிசகில்லாமல் வந்தது.

கடையில் வைத்த பிறகு யாரும் தங்கள் போனில் அந்தப் படிவத்தைத் திறக்கவில்லை. "அக்கா இருக்காங்கல்ல, நான் எதுக்குலா தட்டணும்?" என்று எல்லாரும் கல்லாவுக்கே கூப்பிட்டார்கள், இல்லாவிட்டால் நேரில் வந்து நின்றார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். மெதுவாகத்தான், ஆனால் தப்பில்லாமல் தட்டினார்.

முதல் தகராறு ரவாங்கில் நடந்தது. ஒரு தொழிற்சாலை விருந்துக்குப் பொரித்த கோழியும் நெய்ச்சோறும் கேட்டிருந்தார்கள். சாம்பாரும் அவியலும் பாயசமும் போய் இறங்கின. "கோழி எங்கே?" என்று அங்கிருந்து வந்த போனை முதலாளி காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க வேண்டியிருந்ததாம். அவர் என்னைக் கூப்பிட்டார். நான் மாடி அறையில் இருந்தபடியே சர்வரைத் திறந்து பார்த்தேன். ரவாங், தொழிற்சாலை, சைவம் என்று தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"அண்ணே, இங்க சைவம்னுதான் இருக்கு. அக்காகிட்ட குடுங்க" என்றேன். அக்கா வாங்கியதும், "நீங்க என்ன அமுக்கினீங்க?" என்று என் வழக்கமான அம்பை விட்டேன்.

"நான் கோழிதாம்மா போட்டேன். கடைசிப் பக்கத்துலயும் பாத்தேன், கோழின்னுதான் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் பச்சையை அமுக்கினேன்."

"அப்படி இருக்கவே முடியாதுக்கா. கடைசிப் பக்கத்துல இருக்கறதுதான் பதிவாகும். நீங்க நடுவுல பேக் பொத்தானை அமுக்கியிருப்பீங்க."

"இல்லம்மா" என்று மட்டும் அக்கா சொன்னார். நான் நம்பவில்லை. முதலாளியும் நம்பவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டர் படித்தவள் நான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கல்லா வேணாங்க்கா, பழையபடி பின்னாலயே இருங்க" என்று அவர் அக்காவிடம் சொன்னது போனில் எனக்கும் கேட்டது. கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதைவிட என் படிவத்தின் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். கையில் ஒரு தாள். அதில் ஏழு கட்டளைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தேன். 'ஒவ்வொரு பக்கத்தையும் கவனமாகப் படிக்கவும்' என்பது முதல் கட்டளை. 'பேக் பொத்தானைத் தொடவே கூடாது' என்பது நான்காவது, அதற்குச் சிவப்பில் அடிக்கோடு வேறு. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழையும் நிதானமாகப் படித்தார். "சரிம்மா" என்றார். எனக்கு ஒரு டீயும் உளுந்து வடையும் வரவழைத்துக் கொடுத்தார். வடையைத் தின்றுவிட்டு, ஒரு பெரிய காரியத்தை முடித்த திருப்தியோடு ஊர் திரும்பினேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, பிரிண்டர் துண்டில் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று இரண்டு அடுக்களைக்காரர்களும் புகார் செய்ததால் மறுபடி போயிருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். கடைக்குள் இன்னும் கூட்டம் வரவில்லை. நான் கல்லாவுக்கு எதிர் மேசையில் மடிக்கணினியை விரித்தபோது, அசைவ அடுக்களையிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வெளியே வந்தார். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆள், வேலை பெர்மிட்டில் வந்து இரண்டு வருஷம். பிரியாணி விஷயத்தில் சிரிக்கவே மாட்டார்.

"மேடம், எழுத்து சின்னதா இருக்கதால நான் தப்பா படிச்சிட்டேனா பாருங்க. நூத்தம்பது பேருக்கு மட்டன் பிரியாணி. குறிப்புல 'வெங்காயம் பூண்டு சேர்க்கக் கூடாது'ன்னு போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

"நேத்துலேருந்து யோசிக்கிறேன் மேடம். வெங்காயம் இல்லாம தக்காளிய கூட்டிப் போட்டு, பூண்டுக்குப் பதிலா பெருங்காயம் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். வரும். ஆனா பிரியாணின்னு சொல்லிக்க முடியாது."

பக்கத்தில் நின்ற முதலாளி எட்டித் துண்டைப் பிடுங்கினார். மேலே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். ஊர் செமினி. புதுமனை புகுவிழா. நாளைக் காலை. ஹோமம் முடிந்தவுடன் சாப்பாடு. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஹோமத்துக்கா மட்டன்?" என்று கேட்டவர், அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புது வீட்டில் ஐயர் எழுந்து போன கையோடு நூற்றைம்பது இலையில் மட்டன் விழுவதை நினைத்துப் பார்த்தேன்.

"நான் சைவந்தான் போட்டேன்" என்றார் அக்கா. "அந்தம்மா நேர்ல வந்தாங்க. பாயசம் ரெண்டு வகை கேட்டாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடைசிப் பக்கத்துல ரெண்டு பாயசமும் இருந்துச்சு, பாத்துட்டுத்தான் அமுக்கினேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் அந்த உதட்டுப் பிதுக்கலே போதுமானதாக இருந்தது.

"போதும்க்கா" என்றார் முதலாளி. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க பின்னால போய்டுங்க. நாளைக்குச் சைவம் பூரா புதுசா ஆரம்பிக்கணும், அங்கயும் ஆள் பத்தாது."

அக்கா எழுந்தார். காதிலிருந்த பேனாவை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். குஷனை நாற்காலியிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். சைவ அடுக்களைக்குள் அவர் நுழைந்தபோது, அதுவரை உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் சிரிப்பும் சட்டென்று நின்றன. முதலாளி காய்கறிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கொஞ்ச நேரம் கல்லாவைப் பாத்துக்கோங்கலா. நான் இதை முடிச்சுட்டு வரேன்."

குஷன் இல்லாத நாற்காலி கட்டாந்தரை மாதிரி இருந்தது. உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. கிள்ளானிலேயே ஓர் ஆன்டி, பேரனுக்கு முதல் பிறந்தநாள். முதல் பக்கத்தை நிரப்பினேன். பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வருகிறதாம், அதனால் சைவம்தானாம். இரண்டாம் பக்கத்துக்குப் போனேன். "என்ன கூட்டு வைக்கலாம் ஆன்டி?" என்றேன். "இரும்மா, என் நாத்தனாரைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன். அவளைக் கேக்காம வச்சா அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா" என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு எதிரே ஒரு அங்கிள் நின்றார். மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, நாற்பது பேருக்குச் சாப்பாடு வேண்டும். ஆன்டியின் ஆர்டர் பாதியில் நிற்கிறது. அதை அழிக்கவும் மனசில்லை, அங்கிளைக் காக்க வைக்கவும் முடியாது. இன்னொரு டேப்பைத் திறந்தேன். யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போய்த் திறந்தது. அங்கிளின் பெயர், போன், குறிப்பில் 'மட்டன் நல்லா வேகணும்'. இரண்டாம் பக்கத்தில் மட்டன் பெரட்டல், கோழி ரசம், நெய்ச்சோறு. மூன்றாம் பக்கம் வந்தது. "ஒரு நிமிஷம்மா, வீட்ல கேட்டுக்கறேன்" என்று அங்கிளும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இந்த ஊரில் ஒரு விருந்தின் சாப்பாட்டைத் தனியாளாக முடிவு செய்கிறவர் இன்னும் பிறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குள் ஆன்டி கூப்பிட்டுவிட்டார். பூசணிக்காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு, வடை. முதல் டேப்புக்குப் போய் ஒவ்வொன்றாகத் தொட்டேன். "பாயசம் மட்டும் மருமகள்கிட்ட கேட்டுட்டு வரேன்" என்று மறுபடி வைத்தார். அங்கிள் தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "ஓகேம்மா, அதையே போட்டுடுங்க." அவருடைய டேப்புக்கு வந்தேன். அவர் பெயர், மட்டன், ரசம், எல்லாம் திரையில் சரியாக இருந்தன. என் கட்டளைப்படி கவனமாகப் படித்தேன். பச்சையை அமுக்கினேன். அங்கிள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. சைவ அடுக்களையிலிருந்து கேட்டது.

சற்று நேரத்தில் அக்கா சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். ஒரு கையில் பூசணி நறுக்கிய கத்தி, மறு கையில் துண்டு. என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இது யாரோடதும்மா? 'மட்டன் நல்லா வேகணும்'னு எழுதியிருக்கு. கீழ பூசணிக் கூட்டும் வடையும் போட்டிருக்கு."

நான் துண்டைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். அக்காவும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார்.

"நீங்களும் ரெண்டு தொறந்தீங்களா?" என்றார்.

அதில் ஏளனம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நான் அப்படித்தாம்மா செய்வேன். ஒரு ஆளுக்கு ஒண்ணு. சில நாள் ஏழு எட்டுகூடத் தொறந்திருக்கும். இல்லேன்னா எப்படிச் சமாளிக்கிறது?"

ஒரு டோக்கன், ஒரு பெட்டி. ஆன்டி செருப்பை விட்டுப் போன பெட்டியிலேயே அங்கிளும் விட்டிருக்கிறார். திரை காட்டியது சற்று முன் எடுத்த படம் மட்டுமே. பச்சையை அமுக்கியபோது சர்வர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் அந்த நிமிஷம் கிடந்ததை அள்ளிக்கொண்டு போனது. அங்கே அங்கிளின் பெயரும், நான் கடைசியாகத் தொட்ட ஆன்டியின் பூசணிக்காயும் கிடந்தன. ரவாங்கில் நடந்ததும் இதுதான், செமினியில் நடக்கவிருந்ததும் இதுதான். அக்கா சரியாகப் பார்த்திருக்கிறார், சரியாக அமுக்கியிருக்கிறார். இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னார். அதை ஒப்புக்கொள்ள வேண்டியவள் நான் மட்டும்தான்.

எழுந்து அசைவ அடுக்களை வாசலுக்குப் போனேன். முதலாளி உள்ளே போனில் பூசணிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் புகை இழுக்கும் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, என் தப்பு" என்றேன்.

"என்னலா? கேக்கல."

"என் தப்புண்ணே. அக்கா தப்பு இல்லை."

"சத்தமா சொல்லுங்க தங்கச்சி!"

"என் தப்பு!" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து அவர் கையை நீட்டிக் காற்றாடியை நிறுத்தினார். என் குரல் கடை முழுக்கப் போய் விழுந்தது. அப்போதுதான் இலை போட்டு உட்கார்ந்த நாலைந்து பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை வேலை விஷயமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. முதல் தடவையே இவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன். அக்காவைப் பார்த்துத் திரும்பவும் சொன்னேன், இந்த முறை மெதுவாக. "மன்னிச்சிடுங்கக்கா. ரவாங்கும் என் தப்புதான்."

அக்கா கத்தியைக் கல்லாவில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அப்புறம் வேலை விஷயத்துக்கு வந்தார். "அது கெடக்கட்டும்மா. அடுத்த வார ஆர்டரெல்லாம் எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?"

எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சர்வரில் இருப்பதில் எது சரி, எது கலந்தது என்று சர்வருக்கே தெரியாது. அக்கா எட்டி, நான் ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளேயிருந்த தாளை உருவித் திருப்பினார். என் ஏழு கட்டளைகளின் முதுகில், பொடிப்பொடி எழுத்தில், ஒவ்வொரு ஆர்டரும் ஒரு வரியாக இருந்தது. 'செமினி, வீடு, சைவம், பாயசம் 2.' அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு ஆர்டர்கள் கலந்திருந்ததை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஒன்று காதுகுத்து, இன்னொன்று யாரோ ஒருவரின் அறுபதாம் கல்யாணம்.

"இதை ஏன் எழுதினீங்க?"

"இந்த மெஷின் அப்பப்ப மறந்துடுது. ஒருத்தருக்குப் பச்சையை அமுக்கினா இன்னொருத்தரோடது காலியாயிடும். நான் திரும்பப் போடுவேன். அதான் எழுதி வச்சுக்கறது."

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க என்ன அமுக்கினீங்கன்னுதானேம்மா கேட்டீங்க" என்றார். "என்ன பாத்தீங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

முதலாளி சைவ அடுக்களைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் நீலப்பூக் குஷன் இருந்தது. அவரே அதை நாற்காலியில் போட்டுத் தட்டிச் சரிசெய்தார். "உக்காருங்கக்கா" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கும் முறை அது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. உட்காருவதற்கு முன்னால் அங்கிளுக்குப் போன் போட்டு மட்டனை உறுதி செய்தார், ஆன்டிக்குப் போன் போட்டுப் பாயசம் என்ன ஆனது என்று கேட்டார். பிறகுதான் உட்கார்ந்தார்.

மறுநாள் செமினிக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பாயசத்தில் பருப்புப் பாயசம் முதலில் தீர்ந்தது என்று லோரியில் போனவர் வந்து சொன்னாராம். அந்த வீட்டம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. பிரியாணி மாஸ்டருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. யோசித்து வைத்ததை வீணாக்கக்கூடாதென்று ஒரு நாள் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் கடை ஆட்களுக்கு மட்டும் சமைத்தார். நானும் சாப்பிட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதுதான் அவருக்கு நான் செய்யும் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படிவத்தை மாற்றினேன். டோக்கன் இனி பிரவுசருக்கு இல்லை, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒன்று. முதல் பக்கம் திறக்கும்போதே அந்த ஆர்டருக்கு ஓர் எண் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த எண் பக்கத்துக்குப் பக்கம் கூடவே போகும். அசிங்கமாக இருக்கிறதென்று நான் ஒதுக்கிய அதே பழைய கட்டம்தான். திங்கட்கிழமை கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். அக்கா ஒன்பது டேப் திறந்தார். ஒன்பது பேருக்கு ஒன்பது விதமாகப் போட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவித் தாவி அமுக்கினார். ஒன்பது துண்டும் அந்தந்த அடுக்களையில் ஒழுங்காக விழுந்தன. பத்தாவது ஒன்றில் வேண்டுமென்றே பேக் பொத்தானை அமுக்கியும் பார்த்தார், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

"இப்ப சரியா இருக்கு" என்றார். பிறகு ஆணியிலிருந்து தாளை எடுத்து, பேனாவையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "அன்னிக்குக் கத்தினீங்களே, அதை இதுல எழுதிக் குடுங்க. ஏழோட நிக்கறது நல்லாயில்ல."

கடை ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிவப்பு அடிக்கோடெல்லாம் போட்டு என் கையாலேயே எட்டாவது கட்டளையை எழுதினேன்: 'தப்பு நடந்தால் முதலில் படிவம் எழுதியவளைக் கேட்கவும்.'

அந்தத் தாள் இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. சாப்பிட வருகிறவர்களில் சிலர் அதைப் படித்துவிட்டு அக்காவிடம் விளக்கம் கேட்கிறார்கள். அக்காவும் சளைக்காமல் சொல்கிறார், சொல்லச் சொல்ல என் குரல் இன்னும் உரத்துக்கொண்டே போகிறதாம். என் மாடி அறையிலும் ஒரு மாற்றம். ஜோசியர் இன்னமும் கிரகம் சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், என்னால்தான் பழையபடி சொல்ல முடிவதில்லை. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய்.

போன வாரம் போன் அடித்தது. எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், "எட்டாம் நம்பர்மா" என்றார் அக்கா.

முதலில் வாய்க்கு வந்தது பழைய கேள்விதான். அதை விழுங்கிவிட்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

"சொல்லுங்கக்கா, என்ன பாத்தீங்க?"